காலையில் மட்டும் கேட்கும் சத்தம்

“அப்பா, வண்டிக்குள்ள தட்டுறது யாரு?”

டுஃபி இதைக் கேட்ட காலையில் கண்ணாடிகளில் புழுதி அப்பியிருந்தது. பாலைவனத்திலிருந்து வரும் ஹர்மட்டான் காற்று கும்மாசி நகரத்தின் உதடுகளையெல்லாம் வெடிக்க வைத்துக்கொண்டிருந்தது. ஐந்து வயது டுஃபி பள்ளிப் பையோடு பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா ஒபிரி அப்போதுதான் டாக்ஸியின் சாவியைத் திருப்பியிருந்தான். தகரப் பெட்டிக்குள் கற்களைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு பேரிரைச்சல் எழுந்து, வாசலில் நின்ற ஆடுகளைச் சிதறடித்து, சில மூச்சுகள் நீடித்து, சட்டென்று அடங்கியது.

“யாரும் தட்டலம்மா. குளிர்ல இன்ஜினுக்குப் பல்லு தந்தியடிக்குது.”

“இன்ஜின் இல்லப்பா. அந்தச் சத்தத்துக்குப் பின்னால.”

ஒபிரி திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றே சுவாமேயில், பட்டறைகள் நெருங்கிக் கிடக்கும் தெருவில், மெக்கானிக் அஜார்கோவிடம் வண்டியை விட்டான். அஜார்கோ பலமுறை ஸ்டார்ட் செய்தும் இன்ஜின் பூனைபோலச் சாதுவாகவே ஓடியது.

“என்னைப் பார்த்தா ஊமையாயிடுது. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி” என்று சிரித்தார் அஜார்கோ. “சூடா இருக்கிறப்ப பேசாதுப்பா. ராத்திரி இங்கேயே கிடக்கட்டும். எப்போலேருந்து இப்படி?”

“காத்து மாறினதுலேருந்து, மாஸ்டர்.”

அவனுக்கு அந்த நாளே தெரியும்.

அன்று விடியலில் ஒஃபின்சோ சாலையோரம் கஞ்சி விற்கும் பெண்ணொருத்தி அவன் வண்டியை மறித்தாள். லாரி அடித்துப்போட்ட ஒரு சிறுவன் அவள் கைகளில் தொங்கினான். மேலெல்லாம் கஞ்சியும் ரத்தமும். ஒபிரியின் டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு நம்பிக்கை உண்டு: நாளின் முதல் சவாரி வண்டிக்குள்ளேயே செத்துப்போனால் அந்த வண்டி தீட்டு. ஆடு வெட்டி, டயரில் சாராயம் ஊற்றிக் கழிக்கும்வரை அதில் யாரும் ஏறமாட்டார்கள். ஒபிரி கதவுகளைப் பூட்டினான். சிறுவனுக்கு நினைவிருந்தது. பின் கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டினான். மூன்று முறை. அவள் பின்பக்கம் வந்துவிட்டதால் முன்னால் சாலை காலியாக இருந்தது; ஒபிரி வேகமெடுத்தான்.

மறுநாள் அதிகாலை, ஆறிக்கிடந்த இன்ஜின் மீது நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டார் அஜார்கோ. “ம், போடு.” இரைச்சல் வெடித்து அடங்கியது.

“இன்ஜினுக்குள்ள ஓடுற செயின்தான். நீ போட்டிருக்கிற மட்டமான ஃபில்டர் ஆயிலைப் பிடிச்சு வைக்கல. ராத்திரி முழுக்க எல்லாம் கீழே இறங்கிடுது. ஆயில் ஏறுற வரைக்கும் செயின் தளர்ந்துபோய் மூடியில அடிக்குது. ஃபில்டர், செயின், அதை இறுக்குற பாகம், மூணையும் மாத்தணும்.” பிறகு கண்ணடித்தார். “பேய் பிசாசுன்னு பாஸ்டர்கிட்ட ஓடியிருப்பியே?”

ஒபிரி சிரித்தான். காரணம் இரும்பிலேயே இருந்தது. அந்தச் சிரிப்பு அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பழுது பார்த்த மறுகாலை சாவியைத் திருப்பினான். இன்ஜின் மெல்ல முனகி எழுந்தது. இரைச்சல் இல்லை. தண்ணீர் ஓடுவதுபோல ஒரே சீரான ஓட்டம்; ஆடுகள்கூட நகரவில்லை. ஒபிரி ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தான்.

அந்த அமைதியில் கேட்டது.

பின் கண்ணாடியில். மூன்று தட்டு.

கண்ணாடிப் புழுதியில் சின்ன உள்ளங்கை ஒன்று பதிந்திருந்தது. இத்தனை நாளும் இன்ஜினின் இரைச்சல்தான் அந்தத் தட்டலை மறைத்து வைத்திருந்தது.

சிவப்பு ஸ்வெட்டரை இழுத்துவிட்டபடி டுஃபி வந்தாள். “இப்ப நல்லா கேக்குதுல்லப்பா? அவனுக்குக் குளிருதாம். என் ஸ்வெட்டரைத் தரேன்னு சொல்லியிருக்கேன்.”

“நீ அவன்கிட்ட பேசாதே!”

“பாவம்பா, தனியா இருக்கான். நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போறேன்னான்.”

“எங்கே?”

“அவன் இருக்கிற எடத்துக்கு.”

அன்று அவளைத் தோளில் சுமந்து நடந்தே பள்ளியில் விட்டான். இரவெல்லாம் அவள் கட்டிலருகே விழித்துக் கிடந்தான். பட்டறையில் மாற்ற முடியாத பாகம் எதுவென்று விடிவதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. இருள் வெளுக்கும்போது அவள் நெற்றியில் கைவைத்து ஜெபித்துவிட்டு வெளியே வந்தான்.

பின் இருக்கையில் சிவப்பு ஸ்வெட்டர் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கொடுக்கிறேன் என்ற சொல்லைக் குழந்தை காப்பாற்றியிருந்தாள்.

சாவி. மெல்லிய முனகல். மூன்று தட்டு.

ஒபிரி இறங்கிப்போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்தான். “ஏறுப்பா” என்றான். “ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

இருக்கை அழுந்தியது. கஞ்சி வாசனை. அதனடியில் ரத்த வாசனை. ஸ்வெட்டரின் மடிப்பு பிரிந்து, தோள்கள் இரண்டு மெல்ல உள்ளே நிறைந்தன.

ஒஃபின்சோ சாலை. புழுதி. அவன் பிடரியில் ஈரமான மூச்சு. அவன் கண்ணாடியில் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் இல்லை. இன்ஜினை அணைக்காமலே இறங்கினான். கைகளை நீட்டி அள்ளினான். கனத்தது. நனைந்த துணி மூட்டைபோலக் கனத்தது. பெஞ்சுவரை சுமந்து சென்று கிடத்தக் குனிந்தான்.

சிவப்புக் கைகள் அவன் கழுத்தை வளைத்தன. விடவில்லை.

“வந்தாச்சுப்பா. இறங்கு.”

இறுகின.

ஒபிரி பெஞ்சில் உட்கார்ந்தான். மடியில் அதைச் சரித்து ஆட்டத் தொடங்கினான். “சரி. நான் வரேன். அவளை விட்டுடு.”

கழுத்தை வளைத்திருந்த ஒரு கை கீழே இறங்கியது. அவன் நெஞ்சில் தட்டியது. மூன்று முறை.

வாசலில் டாக்ஸி சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. புழுதிக்குள் வெளிச்சம் ஏறியது. பெஞ்சில் ஒருவன் கண் திறந்தபடி உட்கார்ந்திருந்தான், மடியில் ஒரு குழந்தையின் ஸ்வெட்டரோடு. அதன் கை நுனியிலிருந்து ரத்தம் சொட்டு சொட்டாகத் தரையில் விழுந்தது. அந்தக் கை மறுபடியும் அவன் நெஞ்சில் தட்டியது. உள்ளே எதுவும் தட்டவில்லை.