முதல் டேக்கில் ஒரு முனகல்

காலை ஏழு மணி. வீட்டுப் பின்னறையில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்த பாம்புச்செவி வாசலிலேயே நின்றுவிட்டான். முந்தைய நாள் வந்திறங்கிய பழைய டிரம் செட்டில், நடுவில் வைத்துத் தட்டும் சின்ன ஸ்நேர் டிரம்மை மட்டும் காணோம். அதன் ஸ்டாண்டு வெறுமனே நின்றது.

கூர்மையான காதுக்காக நண்பர்கள் வைத்த பெயர் பாம்புச்செவி. வீடு வீடாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த செட் அது. முதலில் பார்த்தது பளபளத்தது, சத்தமோ தகர டப்பா. அடுத்தது அவன் அறைக்குள் நுழையாத யானை. கடைசியாகப் பார்த்ததை விற்றவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஸ்நேரை ஒரு தட்டு தட்டியதுமே இவன் மயங்கிவிட்டான். அவரோ குறையையும் ஒளிக்காமல் சொன்னார்.

"அடியில கம்பி இருக்கு பாருங்க. பக்கத்துல பேஸ் கிட்டார் வாசிச்சாப் போதும், இதுவும் கூடவே முனகும். ரெக்கார்டிங்ல விழும். இந்த லீவரைத் தட்டிவிட்டா அடங்கிடும்."

இவன் தலையை ஆட்டி வைத்தான்.

நேற்று இவன் ஊரில் இல்லை. மாலை நான்கு மணிக்கு ஓட்டுநர் வந்து எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, இவன் முன்பே கொடுத்திருந்த சாவியை இவன் மைத்துனனிடம் கொடுத்துப் போயிருந்தார். மைத்துனன் ஐந்து மணிக்கு உட்கார்ந்து, புதுப் பாட்டுக்கான பேஸ் கிட்டாரை மூன்று டேக் வாசித்து அனுப்பியும் விட்டான்.

ஸ்நேரைப் பற்றி இப்போது போனில் கேட்டபோது, "நான் உள்ள போகும்போதே அது இல்லையே அத்தான்" என்றான்.

அவ்வளவுதான். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று கிளம்பிய பாம்புச்செவி, பள்ளி வாசலில், பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் முன்னால், ஓட்டுநரைத் திருடன் என்று கத்தினான். விஷயம் தீரும்வரை பேருந்தைத் தொடக்கூடாது என்று பள்ளியில் அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

பத்து மணிக்கு அண்ணி வந்தார். அண்ணன் மனைவி, போலீஸ் இன்ஸ்பெக்டர். மைத்துனனையும் வரச்சொல்லியிருந்தார்.

"பூட்டு உடைஞ்சிருக்கா தம்பி?"

"இல்ல அண்ணி."

அவர் மைத்துனன் பக்கம் திரும்பினார். "நீ வந்தப்ப ஸ்நேர் இல்ல?"

"இல்லக்கா."

"சரி. அந்த மூணு டேக்கையும் போடுங்க தம்பி."

முதல் டேக். பேஸ் கிட்டாருக்கு அடியில் மெல்லிதாக ஒரு 'சிர்ர்ர்'.

"இது என்ன சத்தம்?"

"ஆம்ப்ளிஃபயர்ல ஏதோ கோளாறு அண்ணி. நேத்தே கேட்டேன்."

இரண்டாவதிலும் அதே 'சிர்ர்ர்'. மூன்றாவது சுத்தமாக இருந்தது.

"கோளாறு தானாச் சரியாயிடுச்சா?" என்றார் அண்ணி. "வர்ற வழியில ஓட்டுநரைப் பார்த்தேன். பேஸ் வாசிச்சா ஸ்நேர் முனகும்னு உங்ககிட்டயே சொன்னாராமே."

பாம்புச்செவியின் முகம் வெளுத்தது.

"முதல் ரெண்டு டேக்ல அது முனகுது. அப்போ அது இந்த ரூம்லதான் இருந்திருக்கு." அவர் மைத்துனனைப் பார்த்தார். "எடுத்தது நீதான்ப்பா. லீவர் விஷயம் உனக்குத் தெரியாது. சத்தம் தொந்தரவா இருக்குன்னு வெளிய தூக்கிட்டுப் போயிருக்க. அப்புறம்?"

மைத்துனன் ஒத்துக்கொண்டான். "படியில கை தவறி உருண்டுடுச்சுக்கா. வளையம் நெளிஞ்சிடுச்சு. அத்தான் கோபம் உங்களுக்கே தெரியும். சரிபண்ணி வெச்சிடலாம்னு என் வண்டிக்குள்ள வெச்சேன். ஓட்டுநரைத் திட்டுவாருன்னு நினைக்கவே இல்ல."

"திட்டினதுக்கு அப்புறம்?"

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். அழுதான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மைத்துனனைத் திட்டக்கூடப் பாம்புச்செவிக்கு வாய் வரவில்லை. காதை வைத்துப் பிழைக்கிறவன் அந்த முனகலைக் கேட்டும் கேட்கவில்லை. வீட்டுப் பிள்ளை உண்மை சொல்லப் பயப்படும்படி இத்தனை வருஷம் கத்தியிருக்கிறான். வெட்கமாக இருந்தது. ஓட்டுநருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டான்.

"சொன்ன இடத்துல வந்து சொல்லுங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை, அதே பள்ளி வாசல். ஓட்டுநர் ஓரமாக நின்றிருந்தார். பிள்ளைகள் வேறொருவர் ஓட்டி வந்த பேருந்திலிருந்து இறங்கினார்கள்.

"இவர் எதையும் எடுக்கல. தப்பு என்மேலதான். மன்னிச்சிடுங்க" என்றான் பாம்புச்செவி.

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண் நின்று, அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"நேத்து மட்டும் அவ்வளவு சத்தமாச் சொன்னீங்க?"

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து, கடைசிப் பிள்ளைக்கும் கேட்கும்படி சொன்னான்.