உன் வாயால சொல்லு

ஆஸ்பத்திரி வார்டுக்குள் அவள் நுழைந்தபோது கணவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மருந்து நெடியோடு பூங்கொத்து வாசனையும் கலந்து குமட்டியது. அன்று அவர்களுடைய கல்யாண நாள். சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, அழுவதற்குத் தயாராக இருந்தார்கள்.

டாக்டர் கைவிரித்துவிட்டார். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை, பொய் சொல்வானேன். கல்யாணமான நாளிலிருந்து அவளை யார் என்ன கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும். "அவளுக்குப் பசிக்கல." "அவ வர மாட்டா." "அவளுக்கு இந்தக் கலர்தான் பிடிக்கும்." என்ன கவனிப்பு, என்ன கவனிப்பு என்று ஊரே மெச்சியது. அவர் கண்ணை மூடியதும் தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டும், தங்கையின் தையல் கடையில் ஒரு மிஷினைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மிச்ச நாளாவது வாயைத் திறந்து பேச வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"கல்யாணத்தன்னிக்கு இவ எனக்குச் சத்தியம் பண்ணினா," என்றார் அவர், கூட்டத்தைப் பார்த்து. "சாகிற வரைக்கும் பிரிய மாட்டேன்னு. இப்ப அது போதாது."

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"செத்தாலும் பிரிய மாட்டேன்னு சொல்லு. உனக்காக நான் சொல்ல மாட்டேன். உன் வாயால சொல்லு."

வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பேச இடம் கொடுத்தார்.

நாத்தனார் மூக்கை உறிஞ்சியபடி அவள் முதுகில் இடித்தாள். "சொல்லுங்க அண்ணி. போகிற உசுரு. ஒரு வார்த்தைதானே."

ஒரு வார்த்தைதானே என்று அவளும் நினைத்தாள். சொன்னாள்.

"எல்லாரும் வாழ்த்துங்க," என்றார் அவர்.

அவருடைய அண்ணன் கையை உயர்த்தினார். "எப்பவும் ஒண்ணாவே இருங்க" என்று அத்தனை பேரும் கண்ணீரோடு வாழ்த்தினார்கள். கைக்காசு செலவில்லாத காரியம், யாருக்குத்தான் கசக்கும்.

அவர் சிரித்துக்கொண்டே செத்தார்.

உதடுகள் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தன. நர்ஸ் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து, பெட்டியும் கையுமாகத் தங்கை வீட்டுக்கு வந்தாள். பட்டப்பகல். முன்பக்கத்துக் கடையில் தையல் மிஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. தங்கை பெட்டியை வாங்கி வைத்து, அவளை உள்ளறையில் உட்கார வைத்தாள்.

"அப்பாடா, வந்துட்டே. டீ போடட்டுமா அக்கா?"

போடு, சர்க்கரையை அள்ளிப் போடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்படி ஆசையாக இருந்தது.

"அவளுக்கு வேண்டாம்."

ஆண் குரல்.

அவள் தொண்டையிலிருந்துதான் வந்தது.

முன்பக்கத்தில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் வாயைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கப் பார்த்தாள். கை மடியிலேயே கிடந்தது.

தங்கை அவள் முன்னால் மண்டியிட்டு, முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். பேச்சு கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "அக்கா... நீ உள்ளதானே இருக்கே? என்னைத் தெரியுதா?"

தெரிந்தது. தங்கையின் கீழுதடு நடுங்குவதுகூடத் தெரிந்தது. தெரியுதுடி, என்னை விட்டுடாதே என்று அவள் உள்ளுக்குள் தொண்டை கிழியக் கத்தினாள்.

அவள் உதடுகள் நிதானமாகப் பிரிந்தன.

"அவ தூங்கறா," என்றது குரல். "எழுப்பாதே."