குளியலறைச் சுவரில் ஒரு ஓட்டை

செங்கலில் பாதி உள்ளே விழுந்தது... மீதி வெளியே போய்விட்டது.

"ஐயோ!" என்று ஒரு ஆண் குரல்.

சகாயராணி கையில் சுத்தியலும் உளியுமாக ஸ்டூல் மேல் நின்றிருந்தாள். தலையெல்லாம் சுண்ணாம்பு. தான் உடைத்த ஓட்டை வழியே எட்டிப் பார்த்தாள். செம்பூர் சந்தில் ஜூலை மழை. சைக்கிளைப் பிடித்தபடி தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான் ஒருவன். நிமிர்ந்தான். மழைத்துளி தங்கிய இமைகள்... அவற்றுக்குள் பாதிக் கோபம், பாதிச் சிரிப்பு.

"மனுசன் போற வழியில கல்லு எறியுதீயளே!"

"எறியல. உடைச்சேன். எறிஞ்சிருந்தா குறி தப்பியிருக்காது."

"தோளைக் கேட்டுப் பாருங்க, இப்பவும் தப்பல!"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "எங்கம்மா மூச்சு விடணும். அதுக்குத்தான் உடைக்கேன்..."

அந்தக் குளியலறைக்கு ஜன்னலே கிடையாது. மழைக்காலம் முழுக்கச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். ஒட்டிய அறையில்தான் அம்மா சேசம்மாள் படுப்பாள். வருஷா வருஷம் மூச்சு இழுப்பு. ஈரம் வெளியே போக வழி பண்ணுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடியிலிருந்த வீட்டுக்காரர் பிரம்மநாயகமோ, "சுவத்துல கை வச்சா வீட்டைக் காலி பண்ணணும்" என்றார். ஆபீஸ் குமாஸ்தாவான அப்பா தாவீது மூன்று வருஷமாகப் பணிவாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்று ஞாயிறு. அப்பா கோவிலுக்கும் வீட்டுக்காரர் தாதருக்கும் போன நேரம் பார்த்து, ராணி சுத்தியலை எடுத்துவிட்டாள்.

அவன் ஓட்டையை அண்ணாந்து பார்த்தான். "உயரம் சரிதான். ஆனா இது மட்டும் போதாது. ஈரக் காத்து மேல போகணும்னா கீழயிருந்து புதுக் காத்து வரணும்லா? கதவு அடியில நாலு விரக்கடை அறுத்து விடுங்க. மேல நான் தகரத்துல சாய்வாப் பட்டை வச்சு அடிச்சுத் தாரேன். காத்து போகும், மழை வராது. வெளியேயிருந்து..." முகத்தைத் திருப்பிக்கொண்டான். "யாரும் பாக்கவும் முடியாது."

அவள் காது மடல் சூடாயிற்று. "உங்களை யாரு கேட்டா?"

"உங்க செங்கல்தான் கேட்டுச்சு."

பெயர் ஞானசீலன். தாராவியில் தகரப் பட்டறை. மாலை நான்கு மணிக்கே பட்டையோடு வந்து மாட்டத் தொடங்கிவிட்டான். சத்தம் கேட்டு அப்பா வந்தார். பின்னாலேயே கத்திக்கொண்டு பிரம்மநாயகமும்.

"யாரைக் கேட்டு உடைச்சே? நாளைக்கே அடைக்கணும்!"

"அடைங்க," என்றாள் ராணி. "மறுபடி உடைப்பேன். நீங்க அடைக்க அடைக்க உடைப்பேன். காலி பண்ணச் சொன்னா எங்கம்மாவை உங்க வாசல்லயே படுக்க வைப்பேன். அந்த இழுப்பைக் கேட்டுட்டு அப்புறம் பேசுங்க!"

உள்ளேயிருந்து சேசம்மாளின் இருமல் கேட்டது... பிரம்மநாயகம் திரும்பி மாடியேறிவிட்டார். பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

ஆனால் மகள் பேசியதைத் தான் பேசவில்லையே என்ற வெட்கம் அப்பாவுக்கு. அது கோபமாகி ஞானசீலன் மேல் பாய்ந்தது. "தாராவித் தகரக்காரனுக்கு என் வீட்டுக்குள்ள என்னடே வேலை?"

அவன் முகம் கறுத்தது. கடைசி ஆணியை அடித்தான். பையை எடுத்தான். சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

பத்து நாள். சுவர் காய்ந்தது. அம்மா விடியும்வரை தூங்கினாள். சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் ராணி சந்தை எட்டிப் பார்த்தாள்... அவன் இல்லை. 'ரோஷக்காரன்! எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா? அதுக்காக இப்படியா?'

பதினோராம் நாள் செருப்பை மாட்டினாள். "அப்பா, நான் தாராவிக்குப் போறேன். அவரைப் பாக்க."

"எதுக்கு? மன்னிப்பு கேக்கவா?"

"அதை நீங்க கேக்கணும். எனக்குச் சொல்ல வேற இருக்கு."

தாவீது தலை குனிந்தார். "போயிட்டு வரட்டுங்க," என்றாள் சேசம்மாள்.

பட்டறையில் எட்டுச் சுத்தியல்கள் ஒரே நேரத்தில் இடித்தன. ஞானசீலன் நிமிரவில்லை.

"பட்டை கழண்டுட்டா?"

"இல்ல."

"பின்ன தகரக்காரன்கிட்ட என்ன சோலி?"

"தகரக்காரன்கிட்டதான் சோலி! எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

"என்னது? கேக்கல..."

கேட்டுவிட்டது என்று அவன் கண்களே சொல்லின. திருட்டுக் கண்கள்! அவள் விடவில்லை. குரலை உயர்த்தினாள். "உங்களைப் பிடிச்சிருக்குன்னேன்!"

எட்டுச் சுத்தியல்களும் நின்றன. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்! அவள் தலை குனியவில்லை.

அவன்தான் குனிந்தான்... வேட்டி நுனியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கும்தான்... அன்னைக்கே. சொல்லத்தான் தைரியம் இல்ல."

"அது எங்கிட்ட நிறைய இருக்கு," என்றாள் சகாயராணி. "ரெண்டு பேருக்கும் போதும்."