ஷாரனுக்காக ஒரு ஜெபம்

"இன்னிக்கும் லேட்டா! ஒரு டப்பா சோறு கட்டறதுக்கு இன்னா அண்ணி அவ்ளோ நேரம்?"

ஞானகுமாரியின் நாத்தனார் ஜாஸ்லின் சோபாவில் காலை நீட்டியபடி கேட்டாள். அடுத்தவர் வேலையை மேற்பார்வையிடுவதுதான் அந்த வீட்டில் அவளுக்கு வேலை.

டப்பா எப்போதோ தயார். ஷாரன்தான் ஷூவை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். போன வருஷம் குழந்தைகள் இல்லத்திலிருந்து இங்கே வளர வந்தவள், எட்டாம் வகுப்பு. தினமும் தாமதம். இன்று வீட்டாரை அழைத்து வராவிட்டால் டி.சி. என்று சொல்லியிருந்தார் தலைமையாசிரியை.

"சொந்தப் புள்ளையா இருந்தா இப்படி வுடுவியா?" என்றார் கணவர் வேதமுத்து.

ஞானகுமாரிக்குக் கண் நிறைந்தது... குனிந்து ஷாரனின் ஷூ நாடாவைக் கட்டிவிட்டாள். பழி தன்னோடு போகட்டும், பிள்ளை படித்தால் போதும்!

திருமுல்லைவாயில் ரயில்வே கேட் அன்றைக்கென்று திறந்திருந்தது. மணியடிக்கும் முன்பே ஷாரனும் தம்பதியும் பள்ளியில் இருந்தார்கள். ஷாரன் முகம் வெளிறி காலை ஜெப வரிசையில் போய் நின்றாள்.

தலைமையாசிரியை மைக்கில் உருகினார்: "தாய் தகப்பன் இல்லாமல், யாரோ வீட்டில் ஒண்டியிருக்கும் எட்டாம் வகுப்பு ஷாரனுக்காக இன்றும் ஜெபிப்போம்..."

கண்ணை மூடவேண்டிய மைதானம் முழுவதும் கண்ணைத் திறந்து ஷாரனைத் தேடியது. தினமும் சொல்லாவிட்டால் கர்த்தர் மறந்துவிடுவாராம்!

வேதமுத்து தலைகுனிந்தார். "நான்தான் குமாரி... சேக்கும்போது ஜெபிக்கச் சொன்னேன். ஒரு தபாதான் சொன்னேன்..."

ஞானகுமாரி அதற்குள் மேடையில் இருந்தாள்.

"யாரும் ஆமென் சொல்லாதீங்க!"

"அம்மா, நல்லதுக்குத்தானே..."

"இன்னா நல்லது? அவளுக்கு அம்மா இல்லன்னு ஏசப்பாகிட்டயே பொய் சொல்றீங்களே! நான் இங்க நின்னுகினு கீறேன், கண்ணு தெரியலயா? இதைக் கேக்கக் கூடாதுன்னுதான் புள்ள தெனம் லேட்டா வந்து திட்டு வாங்குது. அதுக்கு டி.சி. வேறயா!"

டி.சி. பேச்சு அத்தோடு போயிற்று. தலைமையாசிரியை திணறினார். "அப்போ... எதுக்காக ஜெபிக்கறது?"

"மேத்ஸ் பரீட்சைக்கு, மிஸ்..." வரிசையிலிருந்து ஷாரனின் குரல். "எல்லாருக்கும்."

அன்றைய ஆமென் ரயில் நிலையம்வரை கேட்டது.

"மன்னிச்சுடு குமாரி..." என்றார் வேதமுத்து, மேடையிலிருந்து இறங்கியவளிடம்.

"ஊட்ல பேசிக்கலாம். உங்க தங்கச்சியும் இருக்கட்டும்."

அதற்குள் ஷாரன் ஓடிவந்து ஞானகுமாரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, போங்க... எல்லாரும் பாக்கறாங்க!" என்று விம்மினாள்.

பிடியை மட்டும் விடவில்லை.