தகப்பன் பெயர் சொல்லாமல்

“மெரோபி” என்று மிர்ரினி அழைத்தாள். படுக்கையிலிருந்து வர வேண்டிய “ம்” என்ற முனகல், தெருக்கதவுப் பக்கமிருந்து வந்தது.

மகள் கண்ணெதிரேதான் கிடந்தாள். சின்ன உடம்பு அனலாய்க் கொதித்தது; வாய் மூடியே இருந்தது. நாள் கணக்காகக் கண் மூடாதவளுக்குக் காது ஏமாற்றாமல் என்ன செய்யும் என்று மிர்ரினி தன்னைத் தேற்றிக்கொண்டாள். காய்ச்சல்காரி ஆழ்ந்து தூங்கினால் உயிர் வழி தவறிவிடும், விடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடு என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அன்றைக்குப் பார்த்தா ஏதென்சில் இறந்தவர்கள் வீடு திரும்பும் நாள் வர வேண்டும்?

கதவைத் திறந்தாள். துறைமுகத்துக்கு இறங்கும் தெரு வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது. ஆவிகள் உள்ளே நுழையாதிருக்க ஒவ்வொரு வீட்டு நிலையிலும் கப்பலுக்குப் பூசும் கீல் கறுப்பாய் மினுங்கியது. எதிர்வீட்டு லிசிலா, காப்புக்காக முள்செடி இலையை மென்றபடி, இன்னொரு பூச்சு பூசிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிடுற? இன்னைக்கு இன்னார் மகள்னு அப்பன் பேரையும் சேர்த்துல்ல சொல்லணும்? இல்லேன்னா அதே பேருல செத்தவங்களும் வந்து நிப்பாங்க.”

“அவர் பேரை எப்படிக்கா சொல்வேன்?”

லிசிலா மெல்லுவதை நிறுத்தினாள். மிர்ரினியின் கணவன் லிகோன் போன மழைக்காலத்தில் கடலோடு போனவன். உடல் கிடைக்கவில்லை; ஒரு பிடி மண் போடக்கூட வாய்க்கவில்லை. மகள் என்றால் உயிரையே விடுவான். இன்று பெயர் காதில் விழுந்தால் வருவான். வந்தால் மகளை விட்டுவிட்டுத் திரும்ப மாட்டான்.

“அவன் வெச்ச பேருதானே இது. கதையில ஊருக்கு ஒரு மெரோபி இருக்கா, ஒருத்திக்கும் உருப்படியா ஒரு கதை கிடையாது. கார்த்திகைக் கூட்டத்துல வெக்கப்பட்டு மூஞ்சிய மூடிக்கிட்ட நட்சத்திரம் ஒருத்தி. கூடப்பிறந்தவன் எரிஞ்சு செத்தான்னு அழுது அழுது மரமாப் போனவ ஒருத்தி. கட்டிக்க வந்தவன் கண்ணை அப்பனே பிடுங்கினப்போ பார்த்துக்கிட்டு நின்னவ இன்னொருத்தி. யாருக்காவது படையல் உண்டா? எல்லாம் பசியோட அலையும்.” சொன்ன பிறகுதான் லிசிலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சரி விடு. கீல் பூசியிருக்கல்ல, உள்ள வராது.”

அழையாததைக் கீல் தடுக்கும். அழைத்ததை?

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அடுப்பருகே, இறந்தவர்களுக்கு வழிகாட்டும் ஹெர்மெசுக்காகத் தேன் விட்டு வேகவைத்த தானியப் பானை இருந்தது. உயிரோடிருப்பவர்கள் வாய் வைக்கக் கூடாத பானை. அது பாதி குறைந்திருந்தது. எரிந்த விறகின் வாடையோடு, பச்சை மரத்தை வெட்டினால் கசியும் பிசினின் வாடையும் மெல்ல மெல்ல அறையில் நிறைந்தது. தறியில் தொங்கிய எடைக்கற்கள் காற்றே இல்லாமல் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. குழந்தையின் மூச்சு நின்று நின்று வந்தது. வேறு வழி தெரியாமல் மிர்ரினி மறுபடி அழைத்தாள்.

“மெரோபி.”

“ம்.” தறிக்குப் பின்னாலிருந்து.

“மெரோபி! என் கண்ணே!”

“ம்.” கட்டிலுக்கு அடியிலிருந்து.

குழந்தை கண்ணைத் திறக்காமலேயே சிணுங்கியது. “அம்மா, தள்ளிப் படுக்கச் சொல்லேன்.”

“யாரைம்மா?”

“இவங்க எல்லாரையும்.”

போர்வை, ஒரு குழந்தைக்கு மீறிய அளவு மேடிட்டிருந்தது. அதன் விளிம்பில் ஒரு கை. மரம்போல் பட்டை பிளந்த கை. பக்கத்தில் முக்காடிட்ட தலை. முக்காட்டுக்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு.

“அம்மா” என்றது அது. “அம்மா” என்றது இன்னொன்று. “பசிக்குதும்மா.”

பொழுது சாய்ந்தது. தெருவின் கோடியிலிருந்து வீடு வீடாக அந்தக் கூச்சல் நெருங்கியது: “வெளியே போங்க ஆவிகளே, விழா முடிஞ்சுது!”

லிசிலா கதவை இடித்தாள். “பேரைச் சொல்லித் துரத்துடி! இந்தத் தெருவுல நீதான் பாக்கி!”

எந்தப் பெயரைச் சொல்லி? மெரோபி, போ என்றால் இவளும் போவாள். மிர்ரினி போர்வைக்குள் கையை விட்டுத் துழாவினாள். குளிர்ந்த விரல்கள். குளிர்ந்த விரல்கள். எங்கே என் பிள்ளை? என்னை எடுத்துக்கொள்ளுங்கள், அவளை விடுங்கள். சூடாக ஒரு கை. அதுவும் ஆறிக்கொண்டிருந்தது.

நெஞ்சு வெடிக்கக் கத்தினாள்.

“லிகோன் மகள் மெரோபி மட்டும் இரு! மத்தவங்க எல்லாம் போங்க!”

போர்வை சரிந்து தட்டையானது. பிசின் வாடை கலைந்தது. குழந்தையின் நெற்றியில் வேர்வை பொடித்தது, காய்ச்சல் விட்டிருந்தது. மிர்ரினி அவள் கையில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதாள்.

தெருவில் கூச்சல் ஓய்ந்துவிட்டது. லிசிலாவின் கதவும் தாழிடப்பட்டது. போகச் சொல்லும் குரல்களை இனி அடுத்த வருஷம்தான் கேட்க முடியும்.

அப்போது வாசற்படியில் நீர் சொட்டியது. சொத்தென்று ஓர் ஈரக் காலடி. இன்னொன்று. கதவிடுக்கின் வழியாகத் தண்ணீர் உள்ளே வழிந்து அவள் முழங்காலைத் தொட்டது. உப்பு நாற்றம்.

குழந்தை கண்ணைத் திறந்தது. அம்மாவைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, மறுகையை நீட்டியது.

அந்தக் கையை யாரோ பிடித்துக்கொண்டார்கள்.