ஓரக் கொக்கி

விமானத் தளத்தின் கோடியில், பாராசூட்களை உலர்த்துவதற்கென்றே ஒரு கூடம் இருந்தது. அகலம் கம்மி, உயரம் அதிகம். கூரைக் கொக்கிகளிலிருந்து வெள்ளைப் பட்டு நீள நீளமாகத் தொங்கியது. மாற்றலாகி வந்த அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தும் பட்டு மெல்ல அசைந்தது. ஈரத்துணி வாடை மூக்கில் ஏறியது.

பாராசூட் மடிப்பதுதான் அவள் வேலை. இந்தத் தளத்தை அவளே மன்றாடிக் கேட்டு வாங்கினாள். அவள் தம்பி இங்கே விமானி. போர் முடிகிறவரை அவன் முதுகில் ஏறுகிற மூட்டையைத் தன் கையால்தான் மடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பெற்றவர்கள் போனபின் அவளுக்கென்று இருந்தவன் அவன் ஒருவன்தான்.

உடன் வேலை பார்த்தவளுக்கு நூல்கண்டு என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். ஓரத்தில் காலியாக இருந்த கொக்கியைக் காட்டியபோது மட்டும் குரலைத் தாழ்த்தினாள்.

“அதுல எதையும் மாட்டிராத.”

“ஏன், துருப்பிடிச்சிருக்கா?”

“ஒருத்தன் குதிச்சான். பாராசூட் மரத்துல சிக்கிக்கிச்சு. ஆளுங்க தேடிப் போறதுக்குள்ள தொங்கிக்கிட்டே செத்துட்டான். அந்தப் பாராசூட்ட அங்கதான் காயப்போட்டோம்.”

“செத்தவனுக்குத் தனிக் கொக்கியா? ரொம்ப நல்லாருக்கு,” என்று அக்கா சிரித்துவிட்டாள்.

அந்த வாரம் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கொக்கிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. தம்பியின் பாராசூட் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தது. சாயங்காலம் அவன் பறக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பட்டு ஒட்டிக்கொள்ளும், வானத்தில் விரியாது. நூல்கண்டு காலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தாள்.

கொக்கி கொக்கிதானே என்று அக்கா அதை ஓரத்தில் மாட்டினாள்.

மதியம் வந்து பார்த்தபோது மற்றப் பட்டெல்லாம் அசைந்துகொண்டிருந்தது.

இது அசையவில்லை.

கயிறுகள் விறைத்து நின்றன. கீழே உடம்பில் பூட்டுகிற வார்கள், தோளும் இடுப்புமாகப் புடைத்திருந்தன.

உள்ளே யாரும் இல்லை.

அவள் ஓரடி பின்வாங்கினாள். ஆனால் பட்டு சருகாகக் காய்ந்திருந்தது, நேரமும் இல்லை. அவிழ்த்து இறக்கியபோது ஒரு பெரிய கனம் கையில் விழுந்து தோள்பட்டையைப் பிடுங்கியது. மேசையில் போட்டதும் கனம் காணாமல் போனது. கை அசதிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மடிப்பு மடிப்பாகச் சரிபார்த்துக் கட்டினாள்.

அன்றே தம்பியின் விமானம் அடிபட்டது. அவன் குதித்தான். பாராசூட் பூப்போல விரிந்ததைத் தளமே பார்த்தது. விரிந்தும், கல்லைப் போல அவன் விழுந்ததையும் பார்த்தது. கால் இரண்டும் போயிற்று, உயிர் மிஞ்சியது.

மறுநாள் காலை மருத்துவக் கூடத்தில், பாராசூட் விரிந்ததால்தான் உயிராவது தப்பியது என்று எல்லோரும் அவள் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். தம்பி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

“அக்கா, ஏன் அவ்ளோ வேகமா வந்தன்னு கேக்குறாங்க.”

“ஏன்டா?”

“ரெண்டு பேர அது தாங்காதுக்கா.”

“குதிச்சது நீ ஒருத்தன்தானடா.”

“கழுத்தக் கட்டிக்கிட்டு வந்தான். கீழ இறக்கி விடுன்னு காதுக்குள்ளயே கெஞ்சுனான்.”

“இறங்கிட்டான்ல?” என்று கேட்டாள்.

தம்பி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

படுக்கை விரிப்பை மாற்ற இரண்டு பணியாளர்கள் வந்தார்கள். தம்பி எலும்பும் தோலுமாகத்தான் இருப்பான். தூக்கியவர்கள் தள்ளாடினார்கள்.

“பாத்தா ஒல்லியா இருக்காரு, என்ன இந்தக் கனம் கனக்குறாரு?” என்றான் ஒருவன். “நீங்களும் ஒரு கை குடுங்கக்கா.”

அக்கா தம்பியின் தோளுக்கடியில் கை கொடுத்தாள்.

அந்தக் கனம் அவள் கைக்குத் தெரிந்த கனம்தான்.