அந்திரேயாவின் கட்டைவிரல்

கதவு பெயர்ந்துவிடும்போல அதிர்ந்தது. எழுத்தர் மட்சியோ தாழ்ப்பாளை நீக்கியதுமே மீன்காரி கார்மோசினா உள்ளே வந்து விழுந்தாள்.

"ஐயா, நாளைக்கு விடிஞ்சா என் புருஷனைத் தூக்குல போடுறாங்களாம்!"

நேப்பிள்ஸ் முழுக்க அதே பேச்சுதான். தேவாலயப் பீடத்துக்குப் படம் வரையும் வேலையை ஓவியர் ஒர்சினோவிடமிருந்து தட்டிப் பறித்த இன்னொரு ஓவியரை, நேற்றுப் பிற்பகல் மூன்று மணிக்கு யாரோ குத்திக் கொன்றுவிட்டார்கள். துறைமுகச் சுமைகூலி அனியெல்லோவின் தோள்பையில் கத்தி இருந்தது. வைஸ்ராயின் வீரர்கள் மாலையே அவனை வீட்டிலிருந்து இழுத்துப் போய் அடைத்துவிட்டார்கள்.

"அந்த நேரத்துல அவரு ஒர்சினோ வீட்ல, படத்துக்காக சிலுவையில கட்டுண்டு நின்னாருங்க. பை அந்த அறை மூலையில கெடந்துச்சாம்."

உள்ளே மேசையருகே இருந்த விசாரணை அதிகாரி ஃபுல்வியோ நிதானமாகச் சொன்னார்: "காலைல வந்தான், பத்து மணிக்கே போயிட்டான்னு ஒர்சினோ சத்தியம் பண்றாரேம்மா."

"பொய்! நேத்து மத்தியானம் துறைமுகத்துல பீப்பா விழுந்து இவரு கட்டைவிரல் நசுங்கிச்சு. நகம் கறுத்துப்போச்சு. நூறு பேரு பார்த்தாங்க. அதுக்கப்புறம்தான் அங்க போனாரு. இவரு பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தாராம். ஒர்சினோகிட்டேருந்து ரொம்ப நேரம் பதிலே வரலையாம்!"

ஃபுல்வியோ தொப்பியை எடுத்தார்.

ஒர்சினோவின் அறைச் சுவரெங்கும் கறுப்புத் துணி. கூரைத் துளையிலிருந்து ஒரே ஒரு வெளிச்சக் கற்றை சிலுவைமேல் விழுந்தது.

"மட்சியோ, அந்தச் சிலுவைகிட்ட நில்லு. நான் தெரியறேனா?"

"கண்ணு கூசுது. ஒண்ணுமே தெரியலைங்க. ஐயா... எங்க இருக்கீங்க?"

"தெருவுக்கே போயிட்டு வந்துட்டேன்ப்பா."

ஒர்சினோவின் முகம் இறுகியது.

"காலைக்கு அப்புறம் அனியெல்லோவைப் பார்த்தீங்களா?"

"எத்தனை தரம் சொல்றது? பார்க்கலை."

ஃபுல்வியோ படத்தின் அருகே சென்றார். இருளைக் கிழித்துக்கொண்டு சிலுவையில் புனித அந்திரேயா நின்றார்: விலா எலும்புகள், அழுக்குப் பாதங்கள், கட்டுண்ட கை. அதன் கட்டைவிரலில் கறுத்த ஒரு நகம். தொட்டால் வண்ணம் விரலில் ஒட்டியது.

மட்சியோ அந்த நகத்தையே குனிந்து பார்த்தான். ஃபுல்வியோவோ உதட்டைப் பிதுக்கினார்.

"படம் பிரமாதம். இந்தக் கட்டைவிரல்தான் உதைக்குது. உக்காந்து கற்பனையா வரைஞ்சிருக்கீங்க. சுத்தக் கத்துக்குட்டி வேலை."

ஒர்சினோ கொதித்தெழுந்தார்.

"கற்பனையா? யாரைப் பார்த்து? ஆளை முன்னாடி நிக்க வெச்சு, கண்ணால பார்க்காம ஒரு நகத்தைக்கூட நான் வரைஞ்சதில்லைய்யா!"